ஈரம் கூடினாலும் கேடு: எறும்புக் கூடு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் எறும்பு வளர்க்க நான் செய்த முதல் கூடு காய்ந்துபோய்க் கெடவில்லை, மூழ்கிப்போய்க் கெட்டது. காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள். அவை வழிந்து அறைகளில் தேங்கி, எறும்புக் குஞ்சுகளான புழுக்கள் அந்தக் குட்டையில் மிதந்தன. கட்டெறும்புகள் பிழைத்தவற்றைக் கவ்விக்கொண்டு வெளியேற வழி தேடிக்கொண்டிருந்தன. எறும்புக்கு ஈரம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, முந்திய இரவில் கூடு முழுவதையும் நனைத்து இறுக மூடியவன் நான்தான்.

கூடு ஈரமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. ஒரு முனை ஈரமாகவும் மறுமுனை உலர்ந்தும் இருக்க வேண்டும். நடுவே ஈரம் படிப்படியாகக் குறைய வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டிலும் இப்படித்தான்: மேலே வெயில் காய்ச்சும், ஆழத்தில் மண் குளிர்ந்திருக்கும். எறும்புகள் முட்டைகளையும் சிறு புழுக்களையும் ஈரமான அறையில் வைக்கும். கூட்டுப்புழுக்களைச் சற்று உலர்ந்த இடத்துக்குத் தூக்கிச் செல்லும். பொழுதுக்குப் பொழுது இந்த இடமாற்றம் நடக்கும். எங்கே பார்த்தாலும் ஒரே ஈரமாக இருந்தால் அவற்றுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஷார்ல் ஜானே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிளாஸ்டர் கட்டியில் அறைகளை வரிசையாக அமைத்து, ஒரு முனையில் மட்டும் தண்ணீர்த் தொட்டி வைத்த கூட்டைச் செய்தார். தண்ணீர் பிளாஸ்டரின் நுண்துளைகள் வழியாக மெல்லக் கசிந்து, தொட்டிக்கு அருகில் உள்ள அறையை அதிகமாகவும் தள்ளியுள்ள அறையைக் குறைவாகவும் நனைக்கும். வீட்டில் செய்வதற்கு இதைவிட எளிய வடிவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தத் தொட்டியை அறைகளோடு ஒட்டி வைப்பது அடுத்த தவறு. நடுச்சுவர் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், நிரப்பிய சிறிது நேரத்திலேயே முதல் அறை சொதசொதவென்று ஆகிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் நிம்மதி. தண்ணீரைக் கூட்டின் மேல் ஊற்றவே கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சால் தொட்டிக்குள் மட்டும் விட வேண்டும். உள்ளங்கை அளவுள்ள என் கூட்டுக்கு வாரம் ஒருமுறை ஐந்து மில்லி போதுமானதாக இருக்கிறது; வறண்ட காற்று வீசும் நாட்களில் இரண்டு முறை.

பொருளைப் பொறுத்தும் தவறுகள் மாறும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, வார்ப்பதும் எளிது. ஆனால் கெட்டிப்படும்போது அது சூடாகும். கெட்டியான பிறகும் உள்ளே ஈரம் நிறைய இருக்கும். தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கிறதே என்று மறுநாளே எறும்புகளைக் குடியேற்றினால் அறைகளில் பூஞ்சை பிடிக்கும். குறைந்தது ஒரு வாரம் காற்றில் காயட்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஈரப் பிளாஸ்டர் விஷயத்தில் ஊர்ந்து தேய்க்கும் பொறுமைகூட அவற்றுக்கு இல்லை, கடித்தே தோண்டிவிடும். ஓரிரு மாதத்தில் ஓரமாக ஒரு சுரங்கம் தெரிந்தால் வியக்க வேண்டாம்.

என் விருப்பம் வீடு கட்டப் பயன்படும் ஏஏசி கல், அதாவது காற்றூட்டிய கான்கிரீட் கல். ஐரோப்பாவிலும் எறும்பு வளர்ப்போர் இந்த வகைக் கல்லைப் பயன்படுத்துகிறார்கள். கட்டடம் நடக்கும் இடத்தில் உடைந்த துண்டைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், உளியாலும் ஸ்க்ரூடிரைவராலும் எளிதில் குடையலாம். குடையும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. குடைந்த கல்லை அப்படியே பயன்படுத்துவதும் பிழை. இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, முழுவதும் காயவைத்த பிறகே கண்ணாடி ஒட்ட வேண்டும். ஒட்டிய சிலிக்கான் பசையின் புளித்த வாடை முற்றிலும் போகும்வரை எறும்பை அருகில் கொண்டுபோகக் கூடாது.

சென்னை போன்ற ஊர்களில் இன்னொரு வினை உண்டு: போர் தண்ணீர். சில மாதங்கள் அதை ஊற்றினால் கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், நுண்துளைகள் அடைபடும், தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். ஈரம் ஏன் பரவவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டு நான் இன்னும் அதிகமாக ஊற்றியிருக்கிறேன். மழைத் தண்ணீரோ உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரோ போதும்.

கண்ணாடியில் துளி படிவதற்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை. உள்ளே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் கண்ணாடி குளிர்ந்தும் இருந்தால் துளி திரளும். பகலில் சன்னல் வெயில், இரவில் ஏசி என்று மாறும் அறை இதற்கு மிக மோசமான இடம். குளிர் நாடுகளில் கூட்டை வெப்பக் கம்பியால் சூடேற்றுவதைப் பார்த்து இங்கேயும் அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நம் வெயிலுக்கு அது எதற்கு?

காற்றோட்டத்துக்குத் துளை போட்டுக் கொசுவலை ஒட்டுவார்கள். சிறிய எறும்புகள் அதன் கண்ணிகளில் சர்வசாதாரணமாக நுழைந்து போகும். பழைய எவர்சில்வர் டீ வடிகட்டியின் நெருக்கமான வலை நன்றாகப் பொருந்துகிறது. அதையும் உலர்ந்த முனையில்தான் வைக்க வேண்டும். ஈர முனையில் வைத்தால் ஈரம் ஓடிப்போய்விடும்.

ஸ்பாஞ்ச் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும்தான், ஆனால் எறும்பு அதைப் பிய்க்கும், குப்பையைக் கொண்டுபோய் அதிலேயே ஒட்டும், சில வாரங்களில் நாறும்.

ஈரப்பதமானி வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டோடு இணைத்து எறும்புகள் இரை தேட விடும் வெளிப்பெட்டியில் அதை வைத்தால் அது காட்டுவது வெளிப்பெட்டியின் காற்றை. புழு கிடக்கும் அறையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. புழுக்கள் எந்த அறையில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் தொட்டியின் சுவரோடு அப்பிக்கிடந்தால் கூடு காய்கிறது. எல்லாம் வாசலருகே வந்துவிட்டால் ஈரம் அதிகம்.

எல்லா எறும்புக்கும் ஒரே கூடு என்று நினைப்பதும் வீண்வேலை. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்து வாழும் முசுறுக்குப் பிளாஸ்டர் அறையைக் கொடுத்தால் அதற்கு என்ன பயன்?

மழைக்குப் பின் பிடித்த ராணியை நேராகப் பெரிய கூட்டில் விடுவதைத்தான் பலரிடமும் பார்க்கிறேன். கட்டெறும்பு ராணி முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை இரை தேடாது; பறந்து முடித்த இறக்கைத் தசைகளும் உடற்கொழுப்பும்தான் அதற்கு உணவு. அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும் ஈரமும். சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமான பஞ்சு, ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, அவ்வளவே. இருபது முப்பது எறும்புகள் ஆனபின் கூட்டுக்கு மாற்றலாம். முன்னதாக மாற்றினால் ஆளில்லாத அறைகளில் குப்பையும் இரைத் துண்டுகளும் சேர்ந்து பூஞ்சை வளரும்.

ஊருக்குப் போகும் நாட்களுக்கும் அந்தக் குழாயே துணை. தண்ணீர் நிரப்பிய ஒன்றை வெளிப்பெட்டியில் படுக்க வைத்துவிட்டுச் செல்வேன். ஒரு பொங்கலுக்கு ஐந்து நாள் போய்த் திரும்பியபோது கல் காய்ந்திருந்தது. ராணி, முட்டை, புழு எல்லாம் அந்தக் குழாய்க்குள் குடியேறியிருந்தன. கல்லை நனைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அவை திரும்பி வரவில்லை.