ஆர்க்டிக் மேகத்துல எது ஐஸ், எது தண்ணின்னு லைடார் (லேசர மேகத்துக்கு அனுப்பி, திரும்பி வர்ற ஒளிய அளக்குற கருவி) படத்துல பாக்குறது எப்படி?

அலாஸ்கா வடகோடில இருக்குற உட்கியாக்விக் வளிமண்டல ஆய்வு ஸ்டேஷனோட டேட்டா ஃப்ரீயாவே கிடைக்குது, அத எடுத்துக்கோங்க. மொதல்ல டெம்பரேச்சர் பாருங்க, மைனஸ் 38 டிகிரி கிட்ட போனாத்தான் துளி தானா உறையும், அதுக்கு மேலன்னா தூசி மாதிரி ஏதாவது துகள் வேணும், அங்க அது கம்மி, அதனால மைனஸ் 15லயும் தண்ணி தண்ணியாவே நிக்கும்.

அப்புறம் டீபோலரைசேஷன் படம், அதாவது லேசர் ஒளியோட அதிர்வுத் திசை திரும்பி வரும்போது எவ்வளவு மாறியிருக்குன்னு காட்டுறது. உருண்டைத் துளின்னா மதிப்பு ஜீரோ பக்கம் இருக்கும், ஐஸ்னா 0.3, 0.4னு ஏறும். பெரும்பாலும் மேல மெல்லிசா தண்ணி லேயர், அதுக்குக் கீழ ஐஸ் கோடு கோடா கொட்டும். அந்தக் கோட்ட மட்டும் பாத்துட்டு மேகம் முழுக்க ஐஸ்னு எழுதிடாதீங்க ப்ளீஸ்! மேகத்தோட உச்சி வெப்பத்த விட்டுட்டு குளிர்ந்து காத்தக் கலக்குறதால புதுத் துளி வந்துட்டே இருக்கும், ஐஸ் கனமாகி விழுந்துட்டே இருக்கும், நாள்கணக்கா இதே கதைதான். கெட்டியான தண்ணி லேயர்ல லேசர் செத்துடும், அதுக்கு மேல என்ன இருக்குன்னு ரேடார்லதான் பாக்கணும்.