மேய்ந்த ஆட்டை நேரில் வாங்கிக் கூறு போடுவது எப்படி

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் எங்கள் தெருக் குடும்பங்கள் சில சேர்ந்து, ஓர் ஆட்டை உயிரோடு வாங்கிக் கூறு போட்டுக்கொள்கிறோம். ஆடு பார்ப்பதும் பேசி முடிப்பதும் என் பொறுப்பு. என் அப்பா வெள்ளாடு மேய்த்தவர். பல்லைப் பார்க்கவும் முதுகைத் தொட்டுப் பார்க்கவும் அவரிடம்தான் கற்றேன். கடையில் தொங்கும் கறி எங்கே மேய்ந்தது, கடைசியாக என்ன மருந்து குடித்தது என்று கேட்டால் கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது. பட்டிக்குப் போய் வாங்கினால் அது தெரியும். தரகருக்குப் போகிற பணமும் வளர்த்தவர் கைக்கே போய்ச் சேரும். எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் பெரிது.

முதலில் பருவம் பாருங்கள். ஆடியில் தொடங்கி கார்த்திகை வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் நம் மேட்டு நிலங்களில் புல்லும் கொடியும் தழைத்துவிடும். ஐப்பசி முதல் தை வரை ஆடு நன்றாகத் தேறியிருக்கும். பங்குனி, சித்திரையில் காய்ந்த சருகையும் வேலங்காயையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆட்டை வாங்கினால் எலும்புதான் மிஞ்சும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் விலை ஏறிவிடும். புரட்டாசியில் பலர் கறி தொடுவதில்லை என்பதால் பேரம் பேச அது நல்ல மாதம். அப்போதே ஆட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, தீபாவளிக் கூட்டம் ஓய்ந்தபின் பிடித்துக்கொள்வது என் வழக்கம். வியாபாரம் மந்தமான மாதத்தில் ஆட்டுக்காரர் கையிலும் கொஞ்சம் காசு புழங்கும்.

ஆட்டுக்காரரைத் தெரியாதவர்கள் சந்தைக்குப் போகலாம். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை, போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை. முதல் முறை வாங்குவதற்காகப் போகாதீர்கள், ஆளைப் பிடிப்பதற்காகப் போங்கள். வியாபாரிகள் கூட்டமாக ஆடு நிறுத்தியிருப்பார்கள். இரண்டு மூன்று ஆடுகளோடு ஓரமாக நிற்கிறவர் பெரும்பாலும் தானே வளர்த்தவராக இருப்பார். "அண்ணா, எந்த ஊர்? எங்கே மேய்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வளர்த்தவர் என்றால் ஏரிக்கரை, கரடு (பாறைக் குன்று), கடலை பிடுங்கிய காடு என்று இடத்தைச் சொல்வார். ஊரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் பட்டிக்கே போய்விடுங்கள்.

மாலையில், மந்தை திரும்பும் நேரத்தில் போவது நல்லது. மேய்ந்து வந்த ஆட்டின் இடப்பக்க வயிறு நிறைந்திருக்கும். குளம்பைப் பாருங்கள்: கரட்டில் நடந்த ஆட்டின் குளம்பு தேய்ந்து மட்டமாக இருக்கும், கட்டிப்போட்டே வளர்த்ததன் குளம்பு நீண்டு வளைந்திருக்கும். வாய்ப்பேச்சு எப்படியிருந்தாலும் குளம்பு உண்மையைச் சொல்லிவிடும். கண் இமையின் உட்புறத்தை மெல்லப் பிரித்துப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். புழுக்கை உருண்டையாக இருக்க வேண்டும், பின்பக்கம் கழிச்சல் படிந்திருக்கக் கூடாது.

அடுத்தது பல். ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், எட்டு. எல்லாமே சின்னப் பால் பல்லாக இருந்தால் ஏறக்குறைய ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. இந்த இரண்டு பல் கிடாதான் என் தேர்வு, அதிலும் காயடித்தது. காயடிக்காத முதிர்ந்த கிடாவில் வீச்சம் அடிக்கும். எட்டுப் பல்லும் சேர்ந்த ஆடு மலிவாகக் கிடைத்தால் சூப்புக்கும் குழம்புக்கும் தாராளமாக வாங்கலாம், வறுவலுக்கு ஆகாது. சினைப் பெட்டையை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள். சின்னப் பட்டிக்காரருக்கு அதுதான் கைமுதல். பணமுடையில் விற்கிறார் என்றால் கிடாவுக்கு முன்பணம் கொடுத்து உதவலாம்.

சதை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது, முடி ஏமாற்றும். இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டில் கையை வைத்து அழுத்துங்கள். எலும்பு முனை கூராகக் குத்தினால் இன்னும் தேற வேண்டும். லேசாகத் தட்டுப்பட்டால் சரியான பதம். நம் பக்கத்து இனங்களே போதும்: உடல் முழுக்கக் கருத்த, உயரமான சேலம் கருப்பு வெள்ளாடு, அல்லது கம்பளி இல்லாத வெளிர்பழுப்பு மேச்சேரி செம்மறி.

மருந்தைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். குடற்புழு மருந்தோ ஊசியோ போட்டால், இறைச்சிக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது ஊர்க் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். மருந்து கொடுத்து ஒரு மாதம் தாண்டாத ஆட்டை நான் தொடுவதில்லை.

விலைக்கு வருவோம். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவது பழகியவர்களுக்கு. நமக்குத் தொங்கு தராசுதான் நியாயம், இரு பக்கத்துக்கும். காலையில் தீனி வைக்குமுன் எடை போடுங்கள். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே எலும்போடு கறி கிடைக்கும். 22 கிலோ கிடா என்றால் 10 கிலோ அளவுக்கு எதிர்பார்க்கலாம். தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) தனி. ஐந்து கூறு போட்டால் கூறுக்கு இரண்டு கிலோ. கறிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மிச்சமாகும் தொகையில் பாதியையாவது ஆட்டுக்காரருக்கு விட்டுக்கொடுங்கள். பணத்தை ஆடு பிடிக்கும்போதே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். "அடுத்த வாரம் தருகிறேன் அண்ணா" என்பது அவர் வீட்டு அரிசியில் கை வைப்பது.

முதல் நாள் மாலையே ஆட்டைக் கொண்டுவந்து நிழலில் கட்டுங்கள். இரவு தீனி வேண்டாம், தண்ணீர் நிறைய வையுங்கள். ஓட்டியும் மிரட்டியும் களைத்த ஆட்டை உடனே அறுத்தால் கறி கருத்து இறுகிப்போகும். அறுக்கவும் உரிக்கவும் பழகிய கறிக்கடைக்காரரையே கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரலை வெட்டுமுன் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஏரிக்கரைச் சதுப்பில் மேய்ந்த ஆட்டுக்கு, அங்குள்ள நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும். ஈரலின் குழாய்கள் தடித்து, அறுத்தால் இலை வடிவில் புழு தெரியும். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டிகள் இருந்தால் அந்த உறுப்பை ஆழப் புதையுங்கள். நாய்க்குப் போடவே கூடாது. நாய் வழியாக அது மனிதருக்கும் வரும். எதைக் கண்டாலும் ஆட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், மந்தையின் மற்ற ஆடுகளுக்கு அவர் மருந்து கொடுக்க வேண்டும்.

கூறு போடும்போது தொடை, சப்பை, நெஞ்சு, கழுத்து, விலா எல்லாவற்றிலும் ஒவ்வொரு கூறுக்கும் கொஞ்சம் விழ வேண்டும். பிறகு ஒரு குழந்தையை முதுகு காட்டி நிற்கச் சொல்லி, ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேளுங்கள். அது சொல்கிற பெயருக்கு அந்தக் கூறு. யாருக்கும் மனத்தாங்கல் வராது.

அன்றைக்குச் சமைக்காததை உடனே ஃப்ரீசரில் தள்ளாதீர்கள், தசை சுருங்கி ரப்பராகிவிடும். ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். மேய்ந்த ஆட்டில் கொழுப்பு குறைவு, நார் அழுத்தம். அதனால் குக்கரில் அவசரப்படுத்தாமல், மூடிய சட்டியில் சிறுதீயில் வேகவிடுங்கள். ராகிக் களிக்கு என்றால் குழம்பைக் கொஞ்சம் தளரவே இறக்குங்கள்.