பெட்டியை மாற்றினால் போதுமாம்

ஒரு எம்கேவி வீடியோவை எம்பி4 ஆக மாற்ற, இரண்டு மணி நேரம் கணினியை உறும விட்டேன். வந்த கோப்பில் படம் மங்கல். அப்புறம்தான் உறைத்தது: எம்கேவி, எம்பி4 இரண்டும் படத்தையும் ஒலியையும் வைத்திருக்கும் வெறும் பெட்டிகள். உள்ளே இருந்தது ஏற்கெனவே எச்.264 முறையில் சுருக்கிய படமும் ஏஏசி முறையில் சுருக்கிய ஒலியும்தான். எம்பி4 இரண்டையும் ஏற்கும். மறுபடி என்கோட் செய்ததே (சுருக்கியதே) வீண்.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், கோடெக்குக்கு (சுருக்கும் முறைக்கு) 'காப்பி', அதாவது உள்ளதை அப்படியே எடு, என்று கொடுத்தேன். பிழை! கூடவே இருந்த எஸ்ஆர்டி வடிவ வசன வரிகளை (சப்டைட்டில்) எம்பி4 அப்படியே ஏற்காது. அவற்றை மட்டும் 'மூவ் டெக்ஸ்ட்' (mov_text) வடிவத்துக்கு மாற்றச் சொன்னதும் சில நொடிகளில் வேலை முடிந்தது. தரத்தில் துளியும் இழப்பில்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தால், உலாவியில் முழுதும் இறங்கிய பிறகே படம் ஓடத் தொடங்கியது. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ('மூவ்', moov பகுதி) எஃப்எஃப்எம்பெக் வழக்கமாகக் கோப்பின் கடைசியில்தான் எழுதும். என் சர்வரோ கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்டால் தராத ரகம். அதனால் பிளேயர் கடைசிவரை காத்திருந்திருக்கிறது, பாவம்! 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்ற விருப்பத்தைக் கட்டளையில் சேர்த்து மறுபடி காப்பி செய்தேன். அட்டவணை முன்னால் வந்துவிட்டது, படமும் உடனே ஓடியது.