பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? ஆம்ப்பைக் கடைசியில் போடுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கல்யாண மண்டபம், கோயில் மேடை என்று இருபது வருடத்துக்கு மேல் பேஸ் வாசிக்கிறேன். பழைய பேஸ் வாங்கப் போகும் தம்பிகள் என்னையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) போட்டால் எல்லா பேஸும் கம்பீரமாகத்தான் கேட்கும். அதனால் அதை முதலில் தொடவே விடமாட்டேன்.

பேஸை மடியில் வைத்து, பாடியின் மேல் விளிம்பில் தாடையை ஒட்டிக்கொண்டு, இருப்பதிலேயே தடித்த இ தந்தியை மீட்டுங்கள். அதிர்வு எலும்பில் தெரியும். தந்தி பழசாக இருந்தால் சத்தம் மந்தமாக வரும், அது பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது இருப்பதிலேயே மெல்லிய ஜி தந்தி. நெக்கில், அதாவது நீண்ட கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி, ஒரே பலத்தில் மீட்டி, மனத்துக்குள் எண்ணுங்கள். நாலாவதில் எட்டு எண்ணும் வரை நிற்கும் சத்தம், ஆறாவதில் மூன்றிலேயே அடங்கிவிடும். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இப்படி ஓர் ஊமை இடம் பல பேஸ்களில் உண்டு. நெக்கின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தை விழுங்கிவிடுகிறது. ரிப்பேர் செய்து இதை முழுதாகப் போக்க முடியாது. லேசாக இருந்தால் வாங்குங்கள். சுரம் அடியோடு செத்துப்போனால் வேண்டாம், நீங்கள் அடிக்கடி பிடிக்கும் சி, டி சுரங்கள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

அப்புறம் நெக். நாலு தந்தியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ பலத்தில் அதை இழுக்கின்றன. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே தந்தியில் அழுத்திப் பிடித்து, எட்டாவதில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். அதைவிட அதிகமென்றால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) திருக வேண்டும். இங்கேதான் நான் ஏமாந்தேன். 600 வெள்ளி கொடுத்து வாங்கி வந்து அதைத் திருகும் அலன் கீயை (ஆறு பட்டைச் சாவி) போட்டால், வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. யாரோ முன்பே திருகித் திருகி ஓட்டையை வட்டமாக்கியிருந்தார்கள். புது நெக் போடாமல் அது சரியாகவில்லை. அன்றிலிருந்து அலன் கீ என் பையிலேயே இருக்கிறது. விற்பவரிடம் கேட்டுவிட்டு, அது கெட்டியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள்.

நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும், பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும். அவை அசையவில்லை என்றால் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி சேர்க்க முடியாது. பன்னிரண்டாவது ஃபிரெட்டை அழுத்தியும், அதே இடத்தில் மெல்லத் தொட்டும் வாசித்து, சுருதி காட்டும் டியூனரில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது ஆம்ப். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்படாதீர்கள், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஜாஸ் பேஸ் என்ற வகையில் இரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உண்டு, ஒன்றை மட்டும் போட்டால் இரைச்சல் வரும், இரண்டையும் முழுதாக வைத்தால் அடங்கிவிடும், அது பழுதில்லை. உள்ளே பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியை நீங்களே கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், செருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.