இது தர மேம்பாடா, ஆராய்ச்சியா? தொடங்கும் முன் கமிட்டியிடம் கேளுங்கள்

மருத்துவமனையில் நடக்கும் ஆராய்ச்சிகள் நோயாளிகளுக்கு நியாயமானவையா என்று பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் படிப்பது என் வேலை. "இது வெறும் குவாலிட்டி ப்ராஜெக்ட்தானே, அனுமதி வேணுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. தலைப்பில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. நோயாளிக்கு என்ன நடக்கப் போகிறது என்றுதான் பார்ப்பேன்.

வார்டில் கை சுத்தம் குறைவாக இருக்கிறது என்று வையுங்கள். கட்டிலுக்குக் கட்டில் கிருமிநாசினி வைத்து, வாராவாரம் கணக்கெடுத்து, பலன் இல்லையென்றால் இடத்தை மாற்றிப் பார்த்தால் அது தர மேம்பாடு. நல்லது என்று ஏற்கெனவே தெரிந்ததை ஒழுங்காகச் செய்யப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அதே வார்டில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு கிருமிநாசினிகளில் எது மேல் என்று ஒப்பிட்டால் அது ஆராய்ச்சி. வழக்கமான சிகிச்சைக்குத் தேவைப்படாத ரத்தப் பரிசோதனை ஒன்றைச் சேர்த்தாலும் கமிட்டிக்கு வந்துவிடுங்கள். மருத்துவப் பத்திரிகையில் வெளியிடப் போகிறோம் என்பதால் மட்டும் எதுவும் ஆராய்ச்சியாகிவிடாது. இதில் பலருக்குக் குழப்பம்.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடும்போது பின்பற்ற ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்தார்கள். ரத்தத் தொற்று வெகுவாகக் குறைந்தது. முடிவுகள் 2006இல் வெளியாயின. அவர்களுடைய எத்திக்ஸ் கமிட்டி பரிசீலனையிலிருந்து விலக்கு தந்திருந்தும், இது ஆராய்ச்சிதான், முறையான பரிசீலனை வேண்டும் என்று 2007இல் ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அலுவலகம் சொன்னது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2008இல்தான் திட்டம் தொடரலாம் என்றார்கள். அனுபவசாலிகளுக்கே இந்த நிலை என்றால், நாமாக முடிவு செய்துகொள்வது சரியில்லை.

அதனால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன மாறுகிறது, யாருக்கு, என்ன தகவல் எடுக்கிறீர்கள், அதை யார் திறக்கலாம், எப்போது அழிப்பீர்கள். கமிட்டிச் செயலரிடம் கொடுங்கள். "பரிசீலனை தேவையில்லை" என்றாலும் அதைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். தர மேம்பாட்டு அறிக்கைகளுக்கான ஸ்குவயர் 2.0 வழிகாட்டி நெறிமுறைப் பரிசீலனை பற்றிக் குறிப்பிடச் சொல்கிறது, பத்திரிகைகளும் கேட்கும். வேலை முடிந்தபின் முன்தேதியிட்ட ஒப்புதல் கேட்டால் கமிட்டி தராது.

தகவல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். "பெயரை நீக்கியாச்சு" என்று சொல்லி வரும் எக்செல் கோப்பில் பதிவு எண், பிறந்த தேதி, கட்டில் எண், அரிய நோயின் பெயர் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த வார்டில் வேலை பார்க்கும் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பிறந்த தேதிக்குப் பதில் வயதும், பதிவு எண்ணுக்குப் பதில் தனிக் குறியீடும் போடுங்கள். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறு கோப்பில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும்.

செவிலியர்களையும் மறக்காதீர்கள். யார் எத்தனை முறை கை கழுவினார்கள் என்று குறிக்கும் தாள் மேலதிகாரி கைக்குப் போனால் அது தண்டனைப் பட்டியலாகிவிடும். அவர்களிடம் முன்பே சொல்லுங்கள், பெயரைக் குறிக்காதீர்கள்.

அப்புறம், நடுவில் திட்டம் மாறினால், ஒரு கேள்வித்தாள் கூடினாலும்கூட, அதைச் செயல்படுத்தும் முன் கமிட்டிக்கு மறுபடி எழுதுங்கள்.