பூச்சை என்றால் திரும்புவான்

பேச்சு தெரபிஸ்ட் படத்தைக் காட்டி, "பூனை எங்கே?" என்று மூன்று தடவை கேட்டார். என் மகன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் அது பூச்சை. தண்ணீர், வெள்ளம். பலாப்பழம், சக்கை. அங்கேயே சொல்லியிருக்கலாம், பதற்றத்தில் எனக்கே பேச்சு வரவில்லை.

பிள்ளைக்குப் பேச்சு தாமதம் என்று பேச்சு மதிப்பீட்டுக்கு நாள் வாங்கியதும் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் அது அடுக்களையிலேயே கிடக்கட்டும். பிள்ளை சொல்வதை, சொல்கிறபடியே எழுதுங்கள். என் நோட்டில் ஒரு வரி: 'வெய்யம் - வெள்ளம். டம்ளரோடு வந்து சொன்னான்.' பேசுவது வேறு, புரிந்துகொள்வது வேறு; இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். "செருப்பை எடுத்துட்டு வா" என்று கை காட்டாமல் சொன்னால் எடுக்கிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறானா? அதையும் எழுதுங்கள். புது இடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு. அதனால் வீட்டில் விளையாடும்போது போனில் அரை நிமிட வீடியோ நாலைந்து எடுத்து வையுங்கள். "சொல்லு மக்கா, சொல்லு" என்று பின்னால் உங்கள் குரல் வேண்டாம்.

இரண்டாம் தடவை நோட்டைக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு "பூச்சை எங்கே?" என்றார். சட்டென்று படத்தில் விரல் வைத்தான்.

காது கேட்கிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கும் போவார்கள், திருவனந்தபுரத்தில் பேச்சுக்கும் காதுக்கும் பார்க்கும் நிஷ் நிறுவனத்துக்கும் போவார்கள். சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் என்றால் சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துத்தான் எடுப்பார்கள். எப்படித் தூங்க வைக்க வேண்டும் என்று முன்னாடியே கேட்டு, பஸ்ஸிலேயே தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டுவார்கள். எண்ணெய் இருந்தால் ஒட்டாது. என் மாமி அன்றைக்கென்று தலை நிறைய தேங்காய் எண்ணெய் தேய்த்து விட்டிருந்தார்! சளி பிடித்திருந்தால் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு வேண்டும். பிறந்த எடை, உடனே அழுதானா, மஞ்சள் காமாலை இருந்ததா எல்லாம் கேட்பார்கள். எந்த மாதம் நடந்தான் என்று மறந்திருந்தால் போனில் பழைய போட்டோக்களின் தேதியைப் பாருங்கள்.

கூட ஒருவர் வந்தால் போதும். மாமி வந்து, "அவனுக்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று கேட்ட கேள்விக்கெல்லாம் அதையே பதிலாகச் சொன்னார். பிள்ளைக்குப் பசியோ தூக்கமோ இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிஸ்கட், ஸ்ட்ரா போட்ட ஜூஸ் கொண்டுபோங்கள். மெல்லுவதையும் உறிஞ்சுவதையும் சிலர் பார்ப்பார்கள்.

இரண்டு பாஷை கேட்பதால்தான் பேச்சு தாமதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் பேசுவதையே பேசுங்கள்.

கிளம்பும் முன் ரிப்போர்ட் நகல் வாங்குங்கள். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை வாயால் சொன்னால் போதாது. ஒரு தடவை பிள்ளையோடு செய்து காட்டச் சொல்லி, அதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.