விஎஃப்டி டிரைவ்: உள்ளே என்ன நடக்கிறது, முதல்முறை மோட்டாரை எப்படி ஓட்டுவது

மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் சப்ளையின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதிர்வெண்ணை 120-ஆல் பெருக்கி, போல்களின் (காந்த முனைகளின்) எண்ணிக்கையால் வகுத்தால் காந்தப்புலம் சுழலும் வேகம் வந்துவிடும். 4 போல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 1500 ஆர்பிஎம். ஸ்லிப் (ரோட்டார் புலத்தைவிடச் சற்றுப் பின்தங்குவது) போக நேம் பிளேட்டில் 1440 அல்லது அதையொட்டி இருக்கும். அதே மோட்டாருக்கு 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் புலத்தின் வேகம் 750. இப்படி அதிர்வெண்ணை மாற்றிக் கொடுக்கும் கருவிதான் விஎஃப்டி (வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ்), பேச்சுவழக்கில் டிரைவ்.

டிரைவுக்குள் ஏசி முதலில் டிசி ஆகிறது. 400 வோல்ட் சப்ளை உள்ளே போனதும் ரெக்டிஃபையர் அதைச் சுமார் 540 வோல்ட் டிசியாக்குகிறது. சுமை இல்லாதபோது 565 வரை ஏறும். பெரிய கெபாசிட்டர்கள் அதைச் சமப்படுத்துகின்றன. இந்தப் பகுதிக்கு டிசி பஸ் என்று பெயர். பிறகு ஆறு ஐஜிபிடிகள் (அதிவேக மின்னணு சுவிட்சுகள்) அந்த டிசியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மூன்று ஃபேஸாக வெளியே தள்ளுகின்றன. டிரைவின் பாதிப் பிரச்சினைகள் டிசி பஸ்ஸில்தான் வந்து முடியும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் போதாது, வோல்ட்டேஜும் கூடவே இறங்க வேண்டும். 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 8 வோல்ட் கணக்கு. 25 ஹெர்ட்ஸில் 200 வோல்ட். முழு வோல்ட்டேஜையும் அப்படியே விட்டால் இரும்புக் கோர் செறிவடைந்து, கரண்ட் எகிறி, வைண்டிங் சுட்டுப்போகும். 50 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் நிலைமை வேறு: வோல்ட்டேஜ் அதற்குமேல் ஏறாது, அதனால் டார்க் (சுழற்றும் விசை) குறைந்துகொண்டே வரும்.

படி 1: நேம் பிளேட்டைப் படியுங்கள்

வோல்ட்டேஜ், ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஆர்பிஎம், கிலோவாட் ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவை கிலோவாட் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். அதன் அவுட்புட் ஆம்பியர் மோட்டாரின் ஆம்பியருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடும் சிறிய டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான். மோட்டாரில் டெல்டா 230, ஸ்டார் 400 என்று இருந்தால் டெர்மினல் பாக்ஸில் டெல்டாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இந்த டிரைவுக்கு ஆகாது.

படி 2: வயரிங்

சப்ளை ஆர், எஸ், டி டெர்மினல்களுக்கு. மோட்டார் யு, வி, டபிள்யு டெர்மினல்களுக்கு. இது மாறிப்போய் சப்ளை யு, வி, டபிள்யு பக்கம் ஏறினால் ஐஜிபிடி அந்த நொடியே போய்விடும். எர்த் வயரை மோட்டாரிலிருந்து நேராக டிரைவின் எர்த் டெர்மினலுக்குக் கொண்டுவாருங்கள். மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருந்து, ஷீல்டு இரு முனையிலும் எர்த் ஆகியிருந்தால் பக்கத்து சென்சார்கள் தொல்லை தராது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் வைக்கக் கூடாது. காண்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) வைத்தே ஆக வேண்டுமென்றால் ஓடும்போது அதைத் திறக்கக் கூடாது. மெக்கர் அடிப்பதென்றால் (உயர் வோல்ட்டேஜில் இன்சுலேஷனைச் சோதிப்பதென்றால்) மோட்டார் வயர்களை டிரைவிலிருந்து கழற்றிவிட்டு அடியுங்கள்.

மூடியைத் திறக்கும் முன் சப்ளையை நிறுத்தி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். சிறிய டிரைவ்களில் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். டிஸ்பிளே அணைந்துவிட்டதே என்று கை வைக்காதீர்கள். டிசி பஸ் டெர்மினல்களில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, வோல்ட்டேஜ் வடிந்துவிட்டது என்று உறுதியான பிறகே தொடுங்கள்.

படி 3: பாராமீட்டர்

நேம் பிளேட்டில் குறித்த ஐந்தையும் போடுங்கள். மோட்டார் ஆம்பியரைச் சரியாகப் போட்டால்தான் ஓவர்லோடு பாதுகாப்பு வேலை செய்யும். ஆக்ஸிலரேஷன், டிசெலரேஷன் இரண்டுக்கும் ஆரம்பத்தில் 10 நொடி வையுங்கள். ஸ்டார்ட் கட்டளை கீபேடிலிருந்தா, வெளி டெர்மினலிலிருந்தா, வேகம் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்தா, 4–20 மில்லிஆம்பியர் சிக்னலிலிருந்தா என்று தேர்ந்தெடுங்கள். ‘டிரைவ் ஆன் ஆகிறது, மோட்டார் அசையவில்லை’ என்ற புகார்களில் பல இந்த ஒரு இடத்தில்தான் தீர்கின்றன. வெக்டார் கன்ட்ரோல் (டார்க்கைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் முறை) பயன்படுத்தினால், டிரைவ் மோட்டாரைத் தானே அளந்துகொள்ளும் ஆட்டோ டியூனிங்கையும் ஓட்டிவிடுங்கள்.

படி 4: முதல் ஓட்டம்

முடிந்தால் சுமையைக் கழற்றிவிட்டு 5 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். தலைகீழாகச் சுற்றினால் சப்ளையை நிறுத்தி, மேலே சொன்னபடி காத்திருந்து, யு, வி, டபிள்யுவில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். ஆர், எஸ், டி பக்கம் மாற்றிப் பயனில்லை. அங்கே வருவது எப்படியும் டிசி ஆகிவிடுகிறதே. பிறகு மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் டிஸ்பிளேயில் ஆம்பியரைப் பாருங்கள்.

டிரிப் ஆனால் (டிரைவ் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிட்டால்)

அதிகம் வருவது ஓவர்வோல்ட்டேஜ், அதுவும் மோட்டாரை நிறுத்தும்போது. கனமான சுமை வேகமாக நின்றால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். டயோடு ரெக்டிஃபையர் வழியே அது சப்ளைக்குத் திரும்ப முடியாததால் டிசி பஸ் ஏறிக்கொண்டே போய், 400 வோல்ட் டிரைவ்களில் 800 வோல்ட்டையொட்டி டிரிப் ஆகும். டிசெலரேஷன் நேரத்தைக் கூட்டுங்கள். சட்டென்று நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அந்த மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும் பிரேக் ரெசிஸ்டர் மாட்டுங்கள்.

கிளம்பும்போது ஓவர்கரண்ட் வந்தால் ஆக்ஸிலரேஷன் நேரம் போதவில்லை அல்லது சுமை இறுகியிருக்கிறது. 15 ஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் ஓடும் கன்வேயர் மோட்டார் கொதித்தால் காரணம் அதன் சொந்த விசிறி: அதுவும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. அங்கே தனிச் சப்ளையில் ஓடும் விசிறி வேண்டும்.

எங்கே பலன்

விசிறியும் பம்பும் முதலிடம். அவற்றில் மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். 80 சதவீத வேகத்தில் சுமார் 51 சதவீதம் போதும். தண்ணீரை நல்ல உயரத்துக்கு ஏற்றும் பம்பில் இவ்வளவு மிச்சமாகாது, ஏனென்றால் அந்த உயரத்துக்கான அழுத்தம் வேகத்தோடு குறைவதில்லை. கன்வேயரிலும் கிரேனிலும் மென்மையான தொடக்கமும் கட்டுப்பாடான நிறுத்தமும்தான் லாபம். எப்போதும் முழு வேகத்தில் ஓடும் இயந்திரத்துக்கு டிரைவ் மிச்சம் எதுவும் தராது. அதன் சொந்த இழப்புதான் கூடும். அங்கே மோட்டாரை மெதுவாகக் கிளப்ப மட்டும் உதவும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போதும்.